ஒரு தொந்தரவும் இல்லை

அத்தியாயம் 17

டாம்சின் பாஸ்கோவுக்கு வேலை கிடைத்த செய்தியோடு போன வாரம் நிறுத்தினோம். வாலரூ துறைமுகத்து தானியக் கிடங்கில், எடைமேடை அலுவலகத்தில், பார்லி ஏற்றி வரும் லாரிகளுக்கு முறை போட்டு உள்ளே விடுகிற வேலை. இருபத்தாறு வயதில் முதல் சம்பளம். கடிதத்தைப் பார்த்து அம்மா செரில் அழுதாள், எதிர்வீட்டு லினெட் அழுதாள். டாம்சின் மட்டும் அழாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னாள். சிக்கல் அங்கேதான் இருந்தது. காலை ஏழு மணிக்கு எடைமேடையில் இருக்க வேண்டும். அக்டோபர் முதல் திங்களில் தொடங்கி, அறுவடை முடிகிற வரை, வாரத்துக்கு ஐந்து நாள்.

ஏழு மணி நமக்கு ஒரு விஷயமே இல்லை. டாம்சினுக்கு அது மலை. பிறக்கும்போதே மூளைக்கு வந்த பாதிப்பால் அவள் கையும் காலும் அவள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வாய்ப்பேச்சும் மெதுவாகத்தான் வரும். வந்தால் நறுக்கென்று வரும். அவளைக் கட்டிலில் புரட்டி, தூளித்துணியை முதுகுக்கு அடியில் செருகி, எந்திரத்தில் மாட்டித் தூக்கி, குளிப்பாட்டி, உடுத்தி, சக்கர நாற்காலியில் உட்கார வைக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் ஒன்றரை.

அந்த ஒன்றேகால் மணி நேரத்தை ஒன்பது வருஷமாகக் கொடுத்து வருபவள் லினெட் ட்ரெசைஸ். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். செரில் விடிகாலை மூன்றரைக்கே பேக்கரியில் மாவு பிசையப் போய்விடுவாள் என்பதால், லினெட் ஆறு மணிக்குத் தெருவைத் தாண்டி வந்து டாம்சினை எழுப்பி உட்கார வைத்துவிட்டு, ஏழேகாலுக்கு பஸ்ஸை எடுப்பாள். ஒரு காசு வாங்கியதில்லை. அப்பா எங்கே போனார் என்று கேட்டு எழுதுகிற வாசகர்களுக்கு ஒரு வரி: டாம்சினுக்கு ஆறு வயதானபோது குயின்ஸ்லாந்து சுரங்கத்துக்குப் போனவர் போனவர்தான். இந்தத் தொடரில் அவருக்கு இதற்கு மேல் இடம் கிடையாது.

நாளை வியாழக்கிழமை. காலை ஒன்பதரைக்கு அரசாங்கத்து உதவித் திட்டக் கூட்டம், வீடியோவில். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சம்பள உதவியாளர் என்பது அதில்தான் முடிவாகும். இப்போது டாம்சினுக்கு சாயங்காலங்களுக்கும் இரண்டு பகல்களுக்கும் ஆள் உண்டு. காலைக்குச் சுழியம். காலை கிடைத்தால் வேலை. கிடைக்காவிட்டால் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

*

புதன்கிழமை பதினொன்றரைக்கு செரில் வீட்டுக்கு வந்தபோது அவள் புருவத்தில்கூட மாவு. கையில் ஒரு பேஸ்ட்டி. அந்த ஊரில் மதியச் சாப்பாடென்றால் அதுதான்: மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் வைத்து, ஓரத்தைப் பின்னல் மாதிரி முறுக்கிச் சுட்டது. அதைத் துண்டு துண்டாக்கி மகளுக்கு ஊட்டிக்கொண்டே மேசையைப் பார்த்தாள். மேசையைக் காணோம், காகிதம்தான் இருந்தது.

டாம்சின் மூன்று நாளாகத் தன் ஒரு வாரத்தை மணிவாரியாக எழுதிக்கொண்டிருந்தாள். விரல் முட்டியால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி. எப்போது எழுவது, யார் எழுப்புவது, எத்தனை நிமிஷம், அந்த ஆள் வராவிட்டால் என்ன ஆகும். கடைசிக் கேள்விக்கு நேரே பெரும்பாலும் ஒரே பதில்: படுத்திருப்பேன்.

போன வருஷம் இப்படி எதுவும் எழுதவில்லை. போன வருஷம் செரில் பேசினாள். அந்தக் கதையை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

திட்ட அதிகாரி நல்ல பெண். காலையில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டாள். செரிலுக்கு அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. நன்றி சொல்ல ஒரு வாசல் திறந்த மாதிரி இருந்தது அவளுக்கு. எதிர்வீட்டு லினெட் தெய்வம் மாதிரி வருகிறாள் என்றாள். கால்பந்து கிளப் பையன்கள் வாசலில் சாய்தளம் கட்டித் தந்ததைச் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் தானே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவதைச் சொன்னாள். ஒருத்தர் பெயரைக்கூட விட்டுவிடக் கூடாதே என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். அதிகாரி ஒன்று விடாமல் தட்டச்சு செய்துகொண்டாள்.

ஆறு வாரம் கழித்துத் திட்டம் வந்தது. காலை உதவி: அக்கம்பக்கத்தார் செய்கிறார்கள், தேவையில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது நன்றி சொல்லிக் கெட்ட வாய். அப்படிக் கெட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதனால் இந்த வருஷம், டாம்சினுக்கு உதவியாளர்களை ஏற்பாடு செய்து தருகிற ஒருங்கிணைப்பாளர் நெரிடா போனிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அழுகிற பிள்ளைக்குத்தான் பால், உங்கள் ஊரில் யாருக்கும் அழத் தெரியாது, அதனால் எழுத்தில் வேண்டும். லினெட்டிடமிருந்து ஒரு கடிதம். இனிமேல் காலையில் வர முடியாது, கஷ்டமாக இருக்கிறது என்று அவளே எழுதித் தர வேண்டும். அந்த ஒரு காகிதம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சொல்வது சுலபம். அந்த ஊரில் ஒருவர் செய்கிற உதவியை அவருக்குக் கஷ்டம் என்று சொல்வது, அவர் போட்டுக் கொடுத்த டீயைக் கீழே ஊற்றுகிற மாதிரி. செரில் ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது வேலிப்பக்கம் நின்று லினெட்டிடம் கேட்டாள்தான். என்ன கேட்டாள்? "நீ காலைல வர்றதப் பத்தி ஒரு லெட்டர் வேணுமாம்." அவ்வளவுதான். முக்கியமான பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. லினெட் உடனே சரி என்றாள். செரிலும் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டாள்.

*

பன்னிரண்டு மணிக்கு லினெட் வந்தாள். கதவைத் தட்டுகிற பழக்கமெல்லாம் கிடையாது. நல்ல பிளவுஸ் போட்டிருந்தாள், உதட்டில் சாயம்கூட இருந்தது. கடித உறையை இரண்டு கையாலும் பிடித்து மேசையில் வைத்தாள். நாலு தடவை எழுதிக் கிழித்தாளாம். பள்ளிக்கூடத்து ஆங்கில டீச்சரிடம் காட்டித் திருத்தியும் வாங்கியிருக்கிறாள்.

"படி. சத்தமாப் படி," என்றாள்.

செரில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"வணக்கம். என் பெயர் லினெட் ட்ரெசைஸ். எதிர்வீடு. ஒன்பது வருஷமாக டாம்சினைக் காலையில் எழுப்பி விடுகிறேன். இதில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சொல்லப்போனால் என் நாளிலேயே நல்ல பகுதி அதுதான். அந்தப் பெண் வாயைத் திறந்தால் பஸ் வரைக்கும் சிரித்துக்கொண்டே போவேன். என் கணவர் இறந்த வருஷம் நான் காலையில் எழுந்ததற்கு ஒரே காரணம், எதிர்வீட்டில் ஒருத்தி என்னை எதிர்பார்த்துப் படுத்திருக்கிறாள் என்பதுதான். நான் நடமாடுகிற வரை இந்தக் குடும்பத்துக்குக் காலையைப் பற்றிக் கவலையே வேண்டாம். இதை எழுத்தில் தருகிறேன்."

செரிலுக்குக் கடைசி இரண்டு வரி கண்ணீரில் தெரியவில்லை. அப்படியே எழுந்து லினெட்டைக் கட்டிக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் இவள் அவளுக்கு நன்றி சொன்னதெல்லாம் ஒரு தட்டு, அவள் பதிலுக்கு எழுதிய இந்த அரைப் பக்கம் ஒரு தட்டு என்று வைத்தால், அரைப் பக்கம்தான் இறங்கும். கட்டிக்கொண்டிருந்த நிமிஷத்தில் செரில் மனதில் வேறெதுவும் இல்லை, நன்றி மட்டும்தான் இருந்தது. கூட்டம் ஞாபகம் வர கொஞ்ச நேரம் பிடித்தது.

லினெட் மூக்கைச் சிந்திக்கொண்டு, இதைப் பார்த்தால் எந்த அதிகாரியும் கேட்டதைக் கொடுத்துவிடுவாள் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, பஸ்ஸைக் கூட்ட வேண்டும் என்று கிளம்பிப் போனாள்.

அம்மாவும் மகளும் கடிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இத நாளைக்குக் காட்டினோம்னா, காலைக்கு இன்னும் பத்து வருஷத்துக்கு யாரும் வர மாட்டாங்க," என்றாள் டாம்சின்.

காட்டாமல் விட்டுவிடலாம், கடிதமே வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றாள் செரில். அப்படிச் சொன்னால் போன வருஷத்து வரி அப்படியே நிற்கும் என்று டாம்சின் சொன்னாள். செரில் கொஞ்ச நேரம் பேஸ்ட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றுசேர்த்தாள். அப்புறம், ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொல்கிற குரலில், பேக்கரியை விட்டுவிடுகிறேன் என்றாள். காலையில் நானே எழுப்பி நானே கொண்டுபோய் விடுகிறேன், என்ன இப்போ.

டாம்சினுக்குக் கோபம் வந்தால் கைகள் தனியாக விறைத்துக்கொள்ளும். இப்போது விறைத்தன.

"எனக்கு வேலை கெடைக்க நீ வேலைய விடணுமா? அப்ப இந்த வீட்டுல எப்பவும் ஒரு ஆள்தான் வேலைக்குப் போகணும்னு சட்டமா?"

டாம்சின் தன் மோட்டார் நாற்காலியைத் திருப்பினாள். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, நீ ஞாயிற்றுக்கிழமை விட்ட பாதியைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள். செரில் கூட வர எழுந்தாள். வேண்டாம் என்றாள் மகள்.

*

செப்டம்பரில் அந்தத் தெருவைத் தாண்டுவது லேசான காரியமில்லை. மரங்களில் மேக்பைப் பறவை குஞ்சு பொரித்திருக்கும். தலை தெரிந்தால் பாய்ந்து கொத்தும். அதற்காகவே நாற்காலிக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கொடி கட்டியிருக்கிறாள் டாம்சின். பறவை இரண்டு முறை கொடியைக் கொத்திவிட்டுப் போனது.

லினெட் தன் வீட்டுப் பக்கத்து மண்தரையில் நிறுத்தியிருந்த பஸ்ஸுக்குள் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தை இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். வலது கை உடம்போடு ஒட்டி இருந்தது. நாற்காலிச் சத்தம் கேட்டதும் துடைப்பம் டக்கென்று வலது கைக்கு மாறியது.

"மாத்தாதீங்க லினெட். நான் பாத்துட்டேன்," என்றாள் டாம்சின்.

அதற்குப் பிறகு டாம்சின் பேசியதை இங்கே நான் சுருக்கித் தருகிறேன். அவள் சொல்லி முடிக்க எடுத்த நேரத்தில் ஒரு கெட்டில் தண்ணீர் கொதித்து ஆறிவிடும். லினெட் ஒரு தடவைகூட அவள் வாக்கியத்தை முடித்துக் கொடுக்கவில்லை. அந்த மரியாதை அவளுக்கு எப்போதும் உண்டு.

இதுவரை தன்னைப் பற்றி யாரும் எழுதியதிலேயே மிக நல்ல கடிதம் அதுதான் என்றாள் டாம்சின். டாக்டர்கள் எழுதியது ஒரு அலமாரி இருக்கிறது, ஒன்றில்கூட அவள் வாயைத் திறந்தால் சிரிப்பு வரும் என்று இல்லை. அதனால் அந்தக் கடிதத்தை அவள் வைத்துக்கொள்ளப் போகிறாள். ஆனால் நாளைக்குக் காட்ட முடியாது. காட்டினால் வேலை போய்விடும். பிறகு ஏன் என்பதையும் சொன்னாள், தன் அம்மா வேலிப்பக்கம் விழுங்கியதை, ஒரு சொல் பாக்கி வைக்காமல்.

லினெட் பஸ் படியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் சிவந்துபோயிற்று. யாரோ அவள் கன்னத்தில் அறைந்தது போலத்தான் இருந்தது.

"அப்ப நான் வர்றது வேணாங்குறியா?"

"நீங்க வரணும். என்னைத் தூக்க வேணாம்."

"எனக்கு அதுல என்ன கஷ்டம் இருக்கு? நான் எப்பவாவது சொன்னேனா?"

"நீங்க சொல்லல. உங்க கை சொல்லுச்சு." டாம்சின் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒம்போது வருஷமா என் உடம்பத் தொடுற கை. அதுல வலி இருந்தா எனக்குத் தெரியாதா? ஜூன்லேருந்து எனக்குத் தலை வாரி விடுறது இடது கை. புரட்டும்போது மூச்சப் பிடிச்சுக்கறீங்க. போன மாசம் எந்திரம் ஆடுச்சே, என் கால் கட்டில்ல அடிபட்டுச்சே, அப்ப நீங்க பின்பக்கமா திரும்பி அழுதீங்க. எனக்குக் கண்ணாடில தெரிஞ்சுது."

அந்தக் காயத்தை இரண்டு பேருமாகச் சேர்ந்து செரிலிடம் நாற்காலியில் இடித்துக்கொண்டது என்று சொல்லியிருந்தார்கள். லினெட் இப்போது அதற்கும் சேர்த்துத் தலை குனிந்தாள்.

டாக்டர் ஜூலையிலேயே சொல்லிவிட்டார். தோள் தசைநார் கிழிந்திருக்கிறது, கெட்டிலைக்கூடத் தூக்காதே, ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்து வை. லினெட் சீட்டை மடித்து பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்கு முன்னால் இருக்கிற பெட்டியில் போட்டுவிட்டாள். சொன்னால் செரில் மறுநாளே பேக்கரியை விட்டுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். இருபது வருஷமாகத் தன் சொந்தக் காலில் நிற்கிற செரில், என் தோளால் விழக் கூடாது என்று நினைத்தாள். அவ்வளவுதான் கணக்கு. வலியைத் தாங்கிக்கொள்வது அவளுக்குப் பேசுவதைவிடச் சுலபம்.

"தெரிஞ்சும் நீ ஏன்டி வாயத் திறக்கல?" என்றாள் லினெட்.

டாம்சின் உடனே பதில் சொல்லவில்லை. இது அவளுக்கு மெதுவாக வருகிற பேச்சால் வந்த தாமதம் இல்லை.

"பயம்," என்றாள். "நீங்க வரலன்னா அப்புறம் யாரு வருவா? உங்க கை போனாலும் பரவாயில்ல, நான் எந்திரிச்சாப் போதும்னு இருந்துட்டேன். மூணு மாசம். என்னை மன்னிச்சுருங்க."

லினெட் நல்ல கையை நீட்டி அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டாள். போடி பைத்தியம் என்றாள். இவ்வளவு நாள் ஒருத்திக்காக ஒருத்தி மறைத்தது இப்படி வெளியே வந்ததில், எனக்குத் தெரிந்து, இரண்டு பேருக்கும் உடம்பே லேசாகியிருக்கும்.

*

புதுக் கடிதம் எழுத லினெட்டுக்குக் கை வரவில்லை. தோளைச் சொல்லவில்லை; பேனா பிடிக்க முடிந்தது. எழுத வேண்டியதை எழுதத்தான் முடியவில்லை. மூன்று முறை தொடங்கினாள். மூன்றுமே "சந்தோஷமாகத்தான் செய்கிறேன், இருந்தாலும்" என்று ஆரம்பித்தன. டாம்சின் அந்த ‘சந்தோஷமாக’வை அடிக்கச் சொன்னாள். லினெட் அடித்தாள். அடித்துவிட்டு, அது பொய்யாகிவிடுகிறதே என்றாள்.

"சந்தோஷம் அந்த ஆபீசர் அம்மாவுக்கு எதுக்கு? அது நம்ம வீட்டு விஷயம்," என்றாள் டாம்சின்.

கடைசியில் லினெட் சொல்லச் சொல்ல டாம்சின் போனில் விரல் முட்டியால் தட்டினாள். ஆறு வரிக்கு முக்கால் மணி நேரம். லினெட் வீட்டுப் பிரின்டரில் எடுத்து, கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது செரில் தாங்க மாட்டாமல் தெருவைத் தாண்டி வந்துவிட்டாள். தலையில் கொத்து வாங்கியிருந்தாள், அதைக்கூடக் கவனிக்கவில்லை. டாம்சின் காகிதத்தை அவளிடம் கொடுக்கச் சொன்னாள்.

"என் பெயர் லினெட் ட்ரெசைஸ். வயது ஐம்பத்தெட்டு. வலது தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது. டாக்டர் சீட்டு இத்துடன். டாம்சினைப் புரட்டவும் எந்திரத்தைத் தள்ளவும் என்னால் முடியாது. ஆகஸ்டில் ஒரு நாள் என் கை விட்டதில் அவளுக்கு அடிபட்டது. இன்று முதல் நான் இதைச் செய்ய மாட்டேன்."

செரில் ‘அடிபட்டது’ என்ற இடத்தில் நின்றாள். மகள் காலைப் பார்த்தாள், லினெட் தோளைப் பார்த்தாள். கத்துவாள் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். அவள் லினெட் பக்கத்தில் பஸ் படியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னைக் காப்பாத்த ரெண்டு பேரும் சேந்து பொய் சொன்னீங்களாக்கும்," என்றாள். "நான் உனக்கு எப்படிக் கைமாறு செய்வேன் லின்?"

"ஆபரேஷன் முடிஞ்சு எனக்கும் ஒரு கை வேணும்ல. பிளவுஸ் மாட்டி விடு," என்றாள் லினெட்.

ஆறு வாரத்துக்கு மாட்டி விடுகிறேன், பஸ்ஸை மட்டும் என்னை ஓட்டச் சொல்லாதே என்றாள் செரில். அன்றைக்கு அந்த மூன்று பேரும் சிரித்தது அப்போதுதான். யாருக்கு யார் நன்றி சொல்வதென்று தெரியாத சிரிப்பு.

அப்புறம் செரில் காகிதத்தை மடிக்கப்போனாள். பாதி மடித்ததும் கை நின்றது.

"இன்று முதல்," என்று மறுபடி படித்தாள். "அப்ப நாளைக்குக் காலைல?"

அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை. மூன்று பெண்களில் ஒருத்திக்கும். ஒன்பதரைக்குக் கூட்டம். செரில் முன்னனுமதி வாங்கி வைத்திருந்தது பேக்கரியிலிருந்து ஒன்பதேகாலுக்கு வரத்தான். ஒன்றேகால் மணி வேலையைக் கால் மணியில் செய்ய முடியாது.

லினெட் உடனே எழுந்தாள். நாளை ஒரு நாள் மட்டும் வருகிறேன், கடைசித் தடவை, யாருக்குத் தெரியப்போகிறது என்றாள்.

"இப்பதான கையெழுத்துப் போட்டீங்க. மை காயல," என்றாள் டாம்சின்.

சரி, நான் லீவு போடுகிறேன் என்று செரில் போனை எடுத்தாள்.

"போடு. காலைல அம்மா செய்றாங்கன்னு எழுதிக்குவாங்க. அடுத்த வருஷம் நீயும் ஒரு லெட்டர் குடுக்கணும்."

செரில் போனை மடியில் வைத்தாள். பின்னே என்னதான் செய்வது என்று கேட்டாள்.

டாம்சின் கொஞ்சம் யோசித்தாள். அவளுக்கும் அது பிடித்த யோசனை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தலை வாரி, நீலச் சட்டை போட்டு, நேராக உட்கார்ந்து பேசுகிறவள் அவள். சட்டையை அன்று காலையிலேயே செரில் இஸ்திரி போட்டு மாட்டியிருந்தாள்.

"நாளைக்கு நான் எந்திரிக்கப் போறதில்ல," என்றாள். "ஒம்போதரைக்குக் கட்டில்லதான் இருப்பேன். நீ வந்து போனைத் தலகாணில சாத்தி வை. காலைல எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு அந்தம்மா கேக்கட்டும்."

செரிலால் அதை ஏற்க முடியவில்லை. முந்தின நாள் ராத்திரி உடுப்போடு, தலை கலைந்து, முகம் கழுவாமல் அரசாங்கத்து ஆள் முன்னால் மகளைக் காட்டுவதா? அந்த ஊரில் சாவு வீட்டுக்குக்கூட முகம் திருத்திக்கொண்டுதான் போவார்கள். பாத்ரூமுக்கு என்ன செய்வாய், ஒன்பதரை வரைக்கும் எப்படித் தாங்குவாய் என்று கேட்டாள்.

"அதையும் அவங்க கேக்கட்டும். சொல்றேன்."

அந்தப் பெண்ணைப் பெற்றதற்காக செரில் வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவள்மேல் இரக்கப்பட்டிருக்கிறார்கள். பஸ் படியில் உட்கார்ந்து மகளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிஷத்தில், தனக்குக் கிடைத்திருப்பது எவ்வளவு பெரிது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

லினெட்தான் கடைசியாகக் கேட்டாள். கேட்கும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை.

"ஆறு மணிக்கு எனக்கு முழிப்பு வந்துருமே கண்ணு. ஒம்போது வருஷப் பழக்கம். நான் என்ன பண்ணட்டும்?"

"தூங்குங்க லினெட்," என்றாள் டாம்சின்.

லினெட் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கணவர் போனபோதுகூட அவள் அப்படி வெளியே உட்கார்ந்து அழுததில்லை. அழுது முடித்து, பிளவுஸ் கையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூக்கமெல்லாம் வராது, நாளை பஸ்ஸை விட்டுவிட்டு ஒன்பதரைக்கு வருவேன், கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன், கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன் என்றாள். அந்த அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு, இது உண்மையா என்று அவளையே கேட்கட்டும். அவள் வாயாலேயே சொல்வாளாம்.

டாம்சின் அவளையே பார்த்தாள்.

"இப்பச் சொல்லுங்க. நான்தான் அந்தம்மான்னு வச்சுக்கங்க. காலைல உங்களால செய்ய முடியுமா?"

லினெட் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். இரண்டே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டிய பஸ் அன்றைக்கு ஐந்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துகிற வரைக்கும் ‘முடியாது’ என்ற அந்த ஒரு சொல் வெளியே வரவில்லை.